சுருங்கிய ஜெர்மனி வளர்ந்த ஜப்பானை முந்தியது எப்படி?

2023ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொருளாதாரம் சற்றே சுருங்கியது. ஜப்பானின் பொருளாதாரம் வளர்ந்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மனி ஜப்பானை நான்காம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் ஆனது. மூன்றுமே உண்மை. முதல் இரண்டும் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு அவரவர் நாணயத்தில் போட்ட கணக்கு. மூன்றாவது, அந்தந்த ஆண்டு விலையிலேயே டாலருக்கு மாற்றிய கணக்கு.

டாலர் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 2012இல் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 500 லட்சம் கோடி யென். அன்று ஒரு டாலருக்கு ஏறத்தாழ 80 யென். வகுத்தால் 6.2 லட்சம் கோடி டாலருக்குச் சற்று மேல் வரும். 2023இல் உற்பத்தி சுமார் 590 லட்சம் கோடி யென்னாக உயர்ந்தது. ஆனால் டாலர் 140 யென்னைத் தொட்டிருந்தது. இப்போது வகுத்தால் வருவது 4.2 லட்சம் கோடிதான். யென்னில் பார்த்தால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். டாலரில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது! எந்தத் தொழிற்சாலையும் இடிந்து விழவில்லை. மாறியது நாணய மாற்று விகிதம் மட்டுமே. ஜெர்மனியிலோ அந்த ஆண்டு விலைவாசி சுமார் 6 சதவீதம் ஏறியதால், உற்பத்தி குறைந்தும் அதன் பண மதிப்பு கூடியது.

மாற்று விகிதத்தை வட்டி விகித வேறுபாடும் முதலீட்டாளர்களின் அச்சமும்கூட ஆட்டிவைக்கின்றன. வெளிநாட்டில் எண்ணெய் வாங்கவோ டாலர் கடனை அடைக்கவோ ஒரு நாட்டுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்க டாலர் கணக்கு சரியானது. மக்கள் எவ்வளவு பொருளையும் சேவையையும் உருவாக்குகிறார்கள் என்று அறிய அது போதாது.

அதற்காக வந்ததுதான் வாங்கும் திறன் சமநிலை. ஒரே தரமுள்ள பொருளுக்கும் சேவைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று திரட்டி, அதிலிருந்து ஒரு மாற்று விகிதத்தை உருவாக்குகிறார்கள். முடிவெட்டும் கட்டணம் நாட்டுக்கு நாடு பல மடங்கு வேறுபடும், ஆனால் வெட்டப்படும் முடி ஒன்றுதான். இந்தக் கணக்கில் 2023இலும் ஜப்பான் ஜெர்மனியைவிடப் பெரியது. 2014ஆம் ஆண்டிலேயே சீனா அமெரிக்காவைத் தாண்டிவிட்டதாகப் பன்னாட்டு நாணய நிதியம் சொன்னதும் இந்தக் கணக்கில்தான். சந்தை விகிதப்படி அமெரிக்காவே இன்னும் முன்னால் நிற்கிறது.

இந்த அளவுகோலும் பிழையற்றது அல்ல. உலக வங்கி ஒருங்கிணைக்கும் விலை ஒப்பீட்டில் சீனா முதன்முறையாக 2005ஆம் ஆண்டுச் சுற்றில் கலந்துகொண்டது. 2007 இறுதியில் முடிவு வந்தபோது, சீனப் பொருளாதாரத்தின் அளவு பழைய மதிப்பீட்டிலிருந்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கப்பட்டது. அங்கே விலைகள் அதுவரை நினைத்த அளவுக்கு மலிவாக இல்லை என்பதே காரணம்.

ஆகவே, பல ஆண்டுகளை ஒப்பிட நான் நம்பும் வழி இது: ஒவ்வொரு நாட்டின் உற்பத்தியையும் அதன் சொந்த நாணயத்தில், நிலையான விலையில், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு, எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க ஆண்டை 100 என்று வைத்தால் யார் எவ்வளவு வளர்ந்தார் என்பது தெரிந்துவிடும். அளவையும் ஒப்பிட வேண்டுமானால், ஏதாவது ஓர் ஆண்டின் வாங்கும் திறன் விகிதத்தைக் கொண்டு எல்லா ஆண்டுகளையும் மாற்றலாம். ஆண்டுக்கு ஒரு விகிதம் வைத்தால், விகிதத்தின் ஆட்டமும் வளர்ச்சிக் கணக்கில் புகுந்துவிடும்.

பிறகு எதனால் வகுப்பது என்ற கேள்வி. ஜப்பானில் முதியோர் பெருகி, உழைக்கும் வயதினர் 1990களின் நடுப்பகுதியிலிருந்து குறைந்து வருகிறார்கள். மொத்த உற்பத்தியை மட்டும் பார்த்தால் அது தேங்கிப்போன நாடாகத் தெரியும். உழைக்கும் வயதுள்ள ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்தால், அதன் வளர்ச்சி மற்ற பணக்கார நாடுகளின் வேகத்தை நெருங்குகிறது.