காருக்குள்ள லொடலொட சத்தம்: காது காட்டற இடத்துல ஏன் எதுவுமே இருக்க மாட்டேங்குது?

புது தார் ரோட்டுல போனா ஒண்ணும் இருக்காது, பேவர் பிளாக் போட்ட தெருவுக்குள்ள திரும்பின உடனே டேஷ்போர்டு பக்கம் டிக் டிக் டிக்னு ஆரம்பிச்சிடும். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு "ஒண்ணும் கேக்கலையே சார்"னு சாவிய கைல குடுத்துடுவாரு, வீடு வந்து சேர்றதுக்குள்ள மறுபடி டிக் டிக். அவர் பொய் சொல்லலங்க. அந்த சத்தம் வர்றதுக்கு ஒரு குறிப்பிட்ட ஆட்டம் வேணும், ஒரு குறிப்பிட்ட சூடு வேணும், சில சமயம் பின் சீட்டுல ரெண்டு பேர் உக்காந்திருக்கணும், இதெல்லாம் சேர்ந்தா தான் அது வாய தொறக்கும். அதனால இந்த வேட்டையில நான் முதல்ல கேக்கறது "சத்தம் எப்ப வருது"ங்கறத தான், "எங்கேருந்து வருது"ங்கறது அப்புறம். எங்கேங்கற கேள்விக்கு நம்ம காது சொல்ற பதில் பெரும்பாலும் தப்பு, ஏன் தப்புன்னு கீழ சொல்றேன்.

முதல்ல சத்தம் எப்படி உண்டாகுதுன்னு பாத்துடலாம். குளோவ் பாக்ஸ்ல ஒரு அஞ்சு ரூபா காசு கெடக்குன்னு வைங்க. அது அசையாம இருக்குன்னா புவியீர்ப்பு அத கீழ புடிச்சி வச்சிருக்கு, அவ்வளவு தான். அடியில இருக்கற பிளாஸ்டிக் மேலயும் கீழயும் ஆடும்போது, அந்த ஆட்டத்தோட முடுக்கம் புவியீர்ப்போட முடுக்கத்த, அதாவது 9.8ங்கற அந்த ஸ்கூல் பாடத்து நம்பர தாண்டிச்சுன்னா, பிளாஸ்டிக் கீழ போயிடும், காசால அதே வேகத்துல கூட எறங்க முடியாது, ஒரு கண நேரம் அந்தரத்துல நின்னுட்டு அப்புறம் வந்து டிக்னு மோதும். இதுல ஆச்சரியம் என்னன்னா, இதுக்கு எவ்வளவு ஆட்டம் வேணும்ங்கறது தான். செகண்டுக்கு 10 தடவ ஆடுற ஆட்டமா இருந்தா நடுவுலேருந்து ஒரு பக்கத்துக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆடணும். அதுவே செகண்டுக்கு 50 தடவன்னா வெறும் 0.1 மில்லிமீட்டர் போதும், ஏன்னா வேகம் அஞ்சு மடங்கானா முடுக்கம் இருபத்தஞ்சு மடங்காகும். 0.1 மில்லிமீட்டர்னா ஒரு ஜெராக்ஸ் பேப்பரோட தடிமன். கண்ணுக்கே தெரியாது, கைய வச்சா லேசா ஒரு அதிர்வு தெரியும், ஆனா காசு துள்ளிக்கிட்டு இருக்கும்.

இந்த 50ங்கற நம்பர நான் சும்மா எடுக்கல. நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ தான் வெடிக்கும், அப்ப மூணு சிலிண்டர் என்ஜின் 2000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 2000 சுத்துல ஓடும்போது கணக்கு போட்டா செகண்டுக்கு 50 வெடிப்பு வருது. இப்ப நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார் பலதுல மூணு சிலிண்டர் தான். அதே என்ஜின் ஐடிலிங்ல 800 ஆர்பிஎம்ல நிக்கும்போது செகண்டுக்கு 20. டயர் கணக்கு வேற, 60 சென்டிமீட்டர் விட்டம் உள்ள டயர் 60 கிலோமீட்டர் வேகத்துல செகண்டுக்கு 9 சுத்து சுத்தும், வீல் பேலன்ஸ் சரியில்லன்னா அந்த 9 அப்படியே ஸ்டியரிங்ல வந்து நிக்கும். ரோட்டு பள்ளத்துல விழும்போது காரோட உடம்பு ஸ்பிரிங் மேல செகண்டுக்கு ஒண்ணு ஒண்ணரை தடவ மெதுவா ஆடும், சக்கரம் மட்டும் தனியா 10லேருந்து 15 தடவ படபடக்கும். ஆக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அடையாள நம்பர் இருக்கு, சத்தம் எந்த ஆட்டத்தோட சேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

"2200ல மட்டும் கிர்ர்ர்ங்குது, 2500க்கு போனா நின்னுடுது"னு சொல்றவங்கள பாத்திருப்பீங்க. அது ரெசனன்ஸ். ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு மூடியும், தனக்குன்னு ஒரு இயல்பான ஆட்ட வேகம் வச்சிருக்கும், எடை கம்மியா விறைப்பா இருந்தா அது அதிகம், எடை கூடவோ புடிமானம் தளர்ந்தோ இருந்தா கம்மி. என்ஜினோட நம்பரும் அந்த தகடோட நம்பரும் ஒத்துப்போற நேரம் மட்டும் கொஞ்ச ஆட்டம் பல மடங்காயிடும். ஒரு ஸ்குரூ லூஸான உடனே அந்த பாகத்தோட நம்பர் மாறிடுது, இத்தன நாள் யாருக்கும் ஒத்துப்போகாம இருந்தது இப்ப என்ஜினோட கணக்குல வந்து மாட்டிக்குது. நேத்து வரைக்கும் இல்லாத சத்தம் திடீர்னு இன்னைக்கு எப்படி வந்துச்சுங்கறதுக்கு பல நேரம் இது தான் பதில்.

சரி, ஆட்டம் செகண்டுக்கு 50 தான, அப்ப சத்தமும் அடித்தொண்டையில தான வரணும், ஏன் கீச்சுனு காதுல குத்துது? ரெண்டு கெட்டியான பொருள் மோதும்போது அந்த தொடுதல் ஒரு மில்லி செகண்டு கூட நீடிக்காது. மோதல் எவ்வளவு குறுகினதோ அவ்வளவுக்கு மேல் அலைவரிசை வரைக்கும் சத்தம் பரவும், ஆயிரம் ஹெர்ட்ஸ் (அதாவது செகண்டுக்கு ஆயிரம் ஆட்டம்), மூவாயிரம், அதுக்கும் மேல. மனுஷ காது கிட்டத்தட்ட 2000லேருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் ரொம்ப கூர்மை. அதோட என்ஜின் சத்தம் ஒரே சீரா இருக்கறதால மூளை அத ஒதுக்கி வச்சிடும், லொடலொட சத்தம் வரும் போகும் வரும், ஒதுக்கவே விடாது. கத்துற என்ஜின விட ஒரு சின்ன கிளிப் அதிகமா கடுப்பேத்தறதுக்கு காரணம் இது தான்.

இப்ப காது ஏன் ஏமாறுதுங்கற விஷயம். நமக்கு ரெண்டு காது, ஒரு பக்கத்துலேருந்து வர்ற சத்தம் இன்னொரு காதுக்கு கொஞ்சம் லேட்டா போகும், அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டுல மூணுல ரெண்டு பங்கு. இந்த துளி நேரத்தையும், ரெண்டு காதுலயும் விழற சத்தத்தோட அளவு வித்தியாசத்தையும் வச்சி மூளை திசைய கண்டுபுடிக்குது. திறந்த வெளியில இது பிரமாதமா வேலை செய்யும். காருக்குள்ள சுத்தி கண்ணாடி, பக்க கண்ணாடி தலையிலேருந்து ஒரு முழம் கூட இருக்காது, அதுல பட்டு திரும்பற சத்தம் நேரா வர்ற சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லி செகண்டு பின்னாலயே வந்து நிக்கும். ஒரு மில்லி செகண்டுக்குள்ள வந்துட்டா மூளை ரெண்டையும் கலந்து நடுவுல ஏதோ ஒரு இடத்துலேருந்து வர்ற மாதிரி எடுத்துக்கும், ரெண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோல பாடறவர் நடுவுல நிக்கற மாதிரி கேக்குதே, அதுவும் இதே சங்கதி தான். இதுல முன்னாடியா பின்னாடியான்னு பிரிக்கறது இன்னும் கஷ்டம், நேர் முன்னாலயும் நேர் பின்னாலயும் இருக்கற சத்தம் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல தான் வந்து சேரும்.

இதோட முடியல, சத்தம் காத்துல மட்டும் வர்றதில்ல. இரும்புல சத்தம் செகண்டுக்கு சுமார் 5000 மீட்டர் போகும், காத்துல போற மாதிரி பதினஞ்சு மடங்கு. பானட்டுக்கு கீழ ஒரு பிராக்கெட் ஆடுச்சுன்னா அந்த அதிர்வு பாடி வழியா ஓடி வந்து டேஷ்போர்டு மாதிரி அகலமான ஒரு பரப்புல தான் வெளிய கேக்கும். வீணையில மீட்டறது தந்தியில, சத்தம் பெருசா வெளிய வர்றது குடத்துலேருந்து, இல்லையா, இங்கயும் அது தான் கதை. டேஷ்போர்ட கழட்டி கழட்டி மாட்டினவங்க எத்தனையோ பேர், கடைசில பாத்தா வைப்பருக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் மூடியோட கிளிப் ஒண்ணு போயிருக்கும். கழட்டினதுல புதுசா ரெண்டு கிளிப் உடைஞ்சது தான் மிச்சம்.

அதனால வேட்டைக்கு முன்னாடி காரை காலி பண்ணுங்க. குளோவ் பாக்ஸ், டோர் பாக்கெட், கண்ணாடி வைக்கிற டப்பா, டிக்கியில ஜாக்கி, ஸ்டெப்னி மேல இருக்கற டூல்ஸ் எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க. சிரிப்பா இருக்கும், ஆனா நிறைய கேஸ் இதுலயே முடிஞ்சிடும், முக்கியமா ஜாக்கி. அப்புறம் நின்ன எடத்துல நியூட்ரல்ல ஹேண்ட் பிரேக் போட்டு ஆர்பிஎம்ம மெதுவா, ரொம்ப மெதுவா ஏத்துங்க, ஏசிய போட்டும் ஒரு தடவ ஆஃப் பண்ணியும் ஒரு தடவ. சத்தம் வந்தா அது என்ஜின் ஆட்டம், ரோட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்மந்தமில்ல, டெஸ்ட் பண்றதுக்கு நீங்க ரோட்டுக்கே போக வேணாம். நின்னா வரல, குண்டும் குழியுமான ரோட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல தான் வருதுன்னா சக்கரத்தோட பக்கம், இல்ல உள்ள லூஸா இருக்கற ஏதோ ஒண்ணு. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க, ஏசியும் போட்டு கண்ணாடியும் எறக்கி ரோடும் மாறினா எதனால சத்தம் நின்னுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

வேற ஒருத்தர ஓட்ட சொல்லிட்டு நீங்க பக்கத்து சீட்டுலயும் பின் சீட்டுலயும் மாறி மாறி உக்காந்து, சந்தேகப்படற எடத்த உள்ளங்கையால அழுத்திப் பாருங்க. உதாரணத்துக்கு, டிரைவர் காதுக்கு பின்னால டொக் டொக்குனு கேக்கற சத்தம், பல நேரம் அது பின்னாலயே இல்ல, யாரும் உக்காராத பக்கத்து சீட்டோட பெல்ட்டுல தொங்கற இரும்பு நாக்கு தூண்ல இருக்கற பிளாஸ்டிக்க தட்டிக்கிட்டு இருக்கும், அந்த பெல்ட்ட ரெண்டு விரலால இழுத்து புடிச்சா அந்த செகண்டே நின்னுடும். அழுத்தினா நின்னுடுச்சுங்கறதால மட்டும் அந்த எடம் தான்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு ஓரத்த அழுத்தினா அந்த பேனல் முழுசும் வளையும், ஒரு அடி தள்ளி இருக்கற கிளிப் இறுகிக்கும், அப்பவும் சத்தம் நிக்கும்.

டோர் பேனல்லயோ பின் பார்சல் ட்ரேலயோ சந்தேகம்னா இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது இது தான். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு, கார் ஸ்பீக்கர்ல 40 ஹெர்ட்ஸ்லேருந்து 200 வரைக்கும் மெதுவா ஏத்திக்கிட்டே போங்க, வால்யூம் அளவா இருக்கட்டும். ஏதோ ஒரு நம்பர்ல பேனல் கிர்ர்னு பேசும். அந்த நம்பர்லயே நிறுத்தி வச்சிட்டு நிதானமா கையால தடவிப் பாக்கலாம், ஓடுற கார்ல கெடைக்காத வசதி அது. சஸ்பென்ஷனுக்கு இது உதவாது. அதுக்கு ஒர்க்‌ஷாப்ல சேசிஸ் இயர்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, நாலஞ்சு மைக்க கிளிப் மாதிரி கீழ அங்கங்க மாட்டி விட்டுட்டு, ஓட்டும்போது ஹெட்போன்ல ஒவ்வொண்ணா மாத்தி கேக்கறது. அது இல்லாத மெக்கானிக் நீள ஸ்குரூ டிரைவரோட முனைய ஐடிலிங்ல இருக்கற என்ஜின் பாகத்துல வச்சி, கைப்பிடிய காதுக்கு பக்கத்து எலும்புல அழுத்தி கேப்பாரு. இரும்பு வழியா எலும்புக்கு நேரா போறதால மத்த சத்தம் குறுக்க வராது. பெல்ட்டும் ஃபேனும் சுத்தற எடம், பழக்கமில்லாதவங்க அத செய்ய வேணாம்.

கிரீச் சத்தம் தனி ஜாதி. அங்க மோதல் கெடையாது, ரெண்டு பரப்பு ஒட்டிக்கிட்டு, இழுபட்டு, சட்டுனு வழுக்கி, மறுபடி ஒட்டும், செகண்டுக்கு நூத்துக்கணக்குல இப்படி நடந்தா கிரீச். நிக்கும்போது இருக்கற உராய்வு நகரும்போது இருக்கறத விட அதிகமா இருக்கற ஜோடிங்க தான் இதுல மாட்டும், தோலும் தோலும், சில பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும். ஜெர்மன்காரங்க எந்த ரெண்டு பொருள் சேர்ந்தா கிரீச்சிடும்னு டெஸ்ட் பண்ணி 1லேருந்து 10 வரை மார்க் போடறதுக்கே விடிஏ 230-206னு ஒரு தரக்குறியீடு வச்சிருக்காங்க. சூடும் இதுல பெரிய கை. 40 டிகிரி சூடு ஏறினா ஒரு மீட்டர் இரும்பு அரை மில்லிமீட்டர் தான் நீளும், டேஷ்போர்டு பிளாஸ்டிக் அத விட பல மடங்கு நீளும், அதனால காலைல கத்தற கார் மதியம் வெயில்ல நின்னுட்டு வந்தா பேசாம இருக்கும், இல்லன்னா தலைகீழா. டோர் ரப்பர் பீடிங் கிரீச்சிட்டா ஈரத்துணியால தொடச்சிட்டு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவுங்க. கைல கெடைச்ச எண்ணெய போடாதீங்க, அந்த ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம்ங்கற செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப்போகும்.

அடியிலேருந்து ஐடிலிங்ல சலசலன்னு தகர சத்தம் வந்தா சைலன்சர் மேல இருக்கற ஹீட் ஷீல்டா இருக்க வாய்ப்பு அதிகம், போல்ட் துருப்புடிச்சி தகடு ஆடும், பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒண்ணு போட்டு இறுக்கினா பல வருஷம் ஓடும். நம்பர் பிளேட், பானட்டோட ரப்பர் ஸ்டாப்பர், பேட்டரி கிளாம்ப் இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை.

சில சத்தத்த மட்டும் ரசிச்சிக்கிட்டு இருக்கக்கூடாது. சின்ன பள்ளத்துல டொக்குனா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவுல கார் சாயாம புடிக்கற கம்பிய சஸ்பென்ஷனோட சேக்கற சின்ன ராடு), அது பரவால்ல, ஆனா சக்கரத்த கீழ தாங்கி புடிக்கற லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டும் அதே குரல்ல தான் பேசும், அது விட்டா சக்கரமே சாஞ்சிடும், அதனால வண்டிய தூக்கி பாக்காம முடிவு பண்ணாதீங்க. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சி திருப்பும்போது டக் டக் டக்குனா ஆக்சில் ஜாயிண்ட். பிரேக்ல கீச்சுனா பேட் தேஞ்சிடுச்சான்னு பாக்கணும், சில பேட்ல தேஞ்சதும் டிஸ்க்க உரசி கத்தறதுக்குன்னே ஒரு தகடு வச்சிருப்பாங்க. இன்னொண்ணு, முன் கண்ணாடி பக்கத்து தூண்ல சத்தம் வருதுன்னு உள்ள ஸ்பாஞ்சு திணிக்கறாங்க. பக்கவாட்டுல திரை மாதிரி விரியற கர்ட்டன் ஏர்பேக் இருக்கற கார்ல அது கதவுக்கு மேல கூரை ஓரமா மடிச்சி வச்சிருக்கும், பல கார்ல அந்த தூண் மூடிக்கு பின்னால வரைக்கும் வந்திருக்கும், அதுக்கு குறுக்க எதையும் வைக்கக்கூடாது.

எலெக்ட்ரிக் கார் வாங்கினவங்க "புது கார்லயே இவ்வளவு சத்தமா"னு கேக்கறாங்க. சத்தம் கூடல, மூடி வச்சிருந்த என்ஜின் போயிடுச்சு, அவ்வளவு தான். ஒரு சத்தம் இன்னொரு சத்தத்த முழுங்கறதுக்கு மாஸ்கிங்னு பேர், 60 கிலோமீட்டருக்கு மேல போனா டயர் சத்தம் அந்த வேலைய ஓரளவு பாத்துக்கும், டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது தான் ஒவ்வொரு கிளிப்பும் கேக்கும். உள்ள போற ஒயர் கட்டு மேல வெல்வெட் மாதிரி ஒரு துணி டேப் சுத்தியிருக்கறத பாத்தீங்கன்னா அது அழகுக்கு இல்ல, ஒயர் பிளாஸ்டிக்குல தட்டாம இருக்கத்தான். அதே டேப் ரோல் கடையிலயும் கெடைக்கும், டேஷ்போர்டு இடுக்குல வைக்க அத விட நல்ல பொருள் எனக்கு தெரியாது.