புளி போட்டுத் தேய்க்காதீங்க, அண்ணாச்சி

போன ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரம், தோண்டும்போது கிடைத்ததாம். வீட்டு ஆச்சி அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிப் பூஜை அறையில் வைத்திருந்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான், ஆனால் நான் தொட்டதும் துரு ஏடு ஏடாகக் கையோடு வந்துவிட்டது.

மண்ணுக்குள் ரொம்ப காலம் கிடந்த இரும்பில் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் சேர்ந்து, அந்த உப்பு உள்ளேயிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். புளியின் அமிலம் அதைத் தடுக்காது, பொருளின் பழைய மேற்பரப்பைத்தான் தின்னும். செப்புக் காசுக்கும் இதே கதிதான். பளபளவென்று ஆகும், எழுத்து போய்விடும். தண்ணீர் படாமல், மெல்லிய பிரஷால் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், போதும். ஓலைச்சுவடி என்றால் லேமினேட் செய்யவே கூடாது, ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பலவந்தமாகப் பிரிக்கவும் கூடாது.

சரி, குண்டுக்கு வருவோம். எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது, கூட என்ன இருந்தது என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு நினைவில்லை. எனக்கு அதுதான் துருவைவிடப் பெரிய இழப்பாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்த விவரம் இல்லாமல் அது பீரங்கிக் குண்டா, வெறும் எடைக்கல்லா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிய அந்தப் பாளையங்கோட்டைக் கோட்டையில் இன்று மதில் கிட்டத்தட்ட இல்லை, மேல வாசல்மேல் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கினான், இப்போது நாம் பார்ப்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதனால் மண்ணுக்குள்ளும் நம் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் காசும் குண்டும் ஓலையும்தான் மிச்சமிருக்கும் கோட்டை. தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போய்விட்டன. அப்புறம் வந்த தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ, தான் எடுத்தவற்றை அட்டவணைப்படுத்தி 1915-இல் அச்சிட்டார். எது எங்கே கிடைத்தது என்று நாம் இன்றைக்கும் பேச முடிவது அந்தப் பட்டியலால்தான்.

நிறைய பேர் பயத்தில் மறைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவரை அந்தச் சட்டம் குற்றவாளியாக்குவதில்லை, மறைத்தால்தான் சிக்கல். படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும். படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிடைத்த இடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும்.

அடுத்த வாரம் அண்ணாச்சி தன் கொத்தனாரையே கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு ஆழம், கீழே சுண்ணாம்புக் காரை, பக்கத்தில் கரி என்று அவர் சொல்லச் சொல்ல, பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.