அந்தச் சின்ன மாத்திரையை ஒதுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மருந்தாளராக இருக்கிறேன். காசநோய் மருந்தோடு தரும் பி6 விட்டமின் மாத்திரையைப் போடாமல் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். காசநோய்க்கு மாத்திரை எடுத்துவரும் ஓர் அக்கா. கவுண்டருக்கு வரும்போதே இடது கால் செருப்பு கழன்றுவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. பின்னால் நின்ற பையன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். கைப்பையைத் திறக்கச் சொன்னேன். பி6 மாத்திரைப் பொட்டலம் இரண்டு, பிரிக்காமலே கிடந்தன.

"அது வெறும் விட்டமின்தானே தம்பி? நான்தான் நல்லா சாப்பிடுறேனே."

இந்த "வெறும் விட்டமின்" பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பசி எடுக்கவோ, எடை கூடவோ, தெம்புக்கோ அதைத் தருவதில்லை. காசநோய்க்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று ஐசோநியாசிட். கிருமியைக் கொல்கிற அதே மருந்து உங்கள் பி6-ஐயும் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும். பருப்பும் வாழைப்பழமும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஆறு மாதம் தினமும் நடக்கிற இந்த இழப்புக்கு அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. பி6 குறைந்தால் நரம்பு கெட்டுப் பாதம் மரக்கும், எரியும், பிறகு கையும் அப்படியே. அதைத் தடுக்கத்தான் அந்த 25 மில்லிகிராம்.

இந்திய வம்சாவளியினரில் பலருக்கு ஐசோநியாசிட் மெதுவாகத்தான் சிதையும். அது பரம்பரையாக வருவது; மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்குவதால் நரம்பு கெடும் ஆபத்தும் கூடும். சர்க்கரை, எச்.ஐ.வி., கர்ப்பம், குடிப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சர்க்கரை இருப்பவர்கள் கால் எரிந்தால் "இது சுகர்" என்று தாங்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.

கால் மரத்ததும் காசநோய் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தாதீர்கள்; கிருமி பிறகு மருந்துக்கு மசியாமல் போய்விடக்கூடும். விட்டமின்தானே என்று நாலைந்தாக விழுங்கவும் கூடாது. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் கலந்த மருந்தை ஐசோநியாசிட்டோடு சேர்க்காதீர்கள்; மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

அந்த அக்கா என் கண்ணெதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினார். மரத்துப்போன காலுக்கு இந்தத் தடுப்பு அளவு போதாது. எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடிதம் எழுதிக் கொடுத்து, அன்றே கிளினிக்குக்கு அனுப்பினேன்.