மூன்று கேமராவும் ஒரு முள்ளும்

இந்த முறை பத்துமலைத் தைப்பூசத்தை மூன்று கேமராவில் எடுத்தோம். மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால், ஒரு கேமராவின் காட்சி மட்டும் என்றால் சீராக ஓடுகிறது. மூன்றையும் சேர்த்து ஓடவிட்டால் காவடி விட்டுவிட்டு நகர்கிறது. "ஹார்ட் டிஸ்க் போச்சா அண்ணே?" என்றான் கூட இருந்த தம்பி. போகவில்லை.

எங்கள் கேமரா 4கே படத்தை நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிகிறது. 8 பிட் ஒரு பைட், ஆக 12.5 மெகாபைட். மூன்றுக்கும் 37.5. அந்த ஹார்ட் டிஸ்க்கோ நொடிக்கு 200 மெகாபைட் தரக்கூடியது. அப்புறம் ஏன் திணறல்?

உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. அதன் மேல் இசைத்தட்டு முள்ளைப் போல ஒரு கை, கையின் நுனியில் படிக்கும் தலை. ஒரே கோப்பை வரிசையாகப் படிக்கும்போது தலைக்கு அதிக அலைச்சல் இல்லை; 200 என்பது அந்த நிலைக்கான எண். மூன்று கோப்பு என்றால் தலை தாவித் தாவிப் படிக்க வேண்டும். கை நகரச் சுமார் 9 மில்லி நொடி, வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல். ஒரு தாவலுக்கு 13, மூன்று தாவலுக்கு 39. நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லி நொடிதான்!

மென்பொருள் கொஞ்சம் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு பிரேமுக்கும் தாவ வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸும் எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைக்கும் கேஷ் கோப்புகளும் அதே டிஸ்கில் இருந்தால் தாவல்கள் பெருகி, அந்த முன்னேற்பாடு போதாமல் போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். (டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் சும்மா இருந்து சிபியு 100 சதவீதத்தில் நின்றால் கோளாறு வேறு இடத்தில்.)

டிஸ்க் நிறைய நிறைய வேகமும் குறையும். தட்டின் வெளிவட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிகத் தகவல் கடக்கும். உள்வட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். பதிவு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தொடங்கும்.

வாங்கும்போது நான் முதலில் கேட்பது எஸ்எம்ஆர் வகையா, சிஎம்ஆர் வகையா என்று. இரண்டும் தட்டில் தகவலை எழுதும் முறைகள். சிஎம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை அத்தாப்புக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அடியில் இருக்கும் ஓர் ஓலையை மாற்ற மேலே உள்ளவற்றையும் பிரித்து மறுபடி வேய வேண்டும் அல்லவா, அதே வேலை இங்கேயும். அதனால் நீண்ட நேரம் எழுதினால் வேகம் திடீரென விழும். முடிந்த வேலையைச் சேமித்து வைக்க அது போதும். கேமராவிலிருந்து நேரடியாக டிஸ்கில் பதிய, அதாவது கேப்சர் செய்ய, அதை வாங்காதீர்கள். படிக்கும்போது தாமதமானால் படம் நிற்கும், மறுபடி ஓட்டலாம். கேப்சரில் தாமதமானால் அந்தப் பிரேம் போனது போனதுதான். சாமியாடியவரை மறுபடி ஆடச் சொல்ல முடியுமா?

எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. தாவலுக்கு 0.1 மில்லி நொடி அளவே ஆகும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகையே நொடிக்கு 500 மெகாபைட்டைத் தாண்டும். ஆனால் எழுதும்போது தகவலை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி நிரம்பியதும் சில மலிவான எஸ்எஸ்டிகள் ஹார்ட் டிஸ்கைவிடக் கீழே இறங்கிவிடும். கடையில் சின்னக் கோப்பைக் காப்பி செய்து காட்டினால் இது தெரியாது. 100 ஜிகாபைட் ஏற்றிப் பாருங்கள், கடைசி 20 ஜிகாபைட் எந்த வேகத்தில் போகிறது என்று கவனியுங்கள்.

இப்போது எங்களிடம் விண்டோஸும் கேஷும் ஒரு எஸ்எஸ்டியில், காட்சிகள் இன்னொன்றில். முடிந்த வேலைகள் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்கில், இரண்டு பிரதியாக. மூன்று கேமராவும் சேர்ந்து ஓடுகின்றன. தம்பி போன வாரம் காட்சி எஸ்எஸ்டியைப் பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டான். நொடிக்கு 40 மெகாபைட்கூட வரவில்லை, காவடி மறுபடி விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது. துளையை மாற்றியதும் சரியாகிவிட்டது.