கறிவேப்பிலை போட்டாலும் ஜின் மருந்தாகாது

போன கிழமை இரவு, நீரிழிவுக்குக் குளுசை எடுக்கும் 62 வயது ஐயா ஒருவரை மகன்மார் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். "வெறி கூடிப்போச்சு டொக்டர், விடிஞ்சாத் தெளிஞ்சிடும்" என்றார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்கி வெறும் 38. குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழித்ததும் அவர் கேட்டது: "தம்பி, அது மூலிகைச் சாமான்தானே?"

கனடாவிலிருந்து லீவில் வந்த மருமகன் கொடுத்த ஜின் போத்தல். லேபல் முழுக்க இலையும் காயுமாகப் படம். இந்த வருடம் இதே கதையோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவர்.

சரி, ஜின் என்றால் என்ன? பெரும்பாலும் தானியத்தில் வடித்த மதுசாரத்தில் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் காயைப் போட்டு மறுபடி வடிப்பது. காயை நசுக்கினால் குங்கிலியம் போல ஒரு பிசின் வாசம் வரும். அந்த வாசம் முன்னுக்கு நிற்கவேண்டும். துணைக்கு மல்லி, அஞ்சலிகா வேர், அதிமதுரம், தோடம்பழத் தோல், ஏலக்காய் என்று ஆளுக்கொரு சேர்க்கை. நம் இலங்கையிலேயே கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை போட்டு வடிக்கும் ஜின் உண்டு. லேபலில் லண்டன் ட்ரை என்று இருப்பது ஊரைக் குறிப்பதல்ல, செய்முறையைக் குறிப்பது: வடித்த பிறகு வாசனையோ நிறமோ சேர்க்கக்கூடாது. ஓல்ட் டொம் என்ற வகை கொஞ்சம் இனிக்கும். இந்த மணங்களை ரசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை "மூலிகை" என்ற சொல்லோடுதான். காய்ச்சலுக்கு மல்லி அவித்துக் குடித்த பழக்கத்தில் இதையும் அப்படி நினைக்கிறார்கள். வடிக்கும்போது மேலே வருவது மதுசாரமும் துளி வாசனை எண்ணெயும்தான். தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால் இலேசானது என்றும் எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் மதுசாரம் 37.5 சதவீதத்துக்குக் குறைந்தால் ஜின் என்று விற்கவே முடியாது. 40 சதவீத ஜின் 60 மில்லியில் ஏறக்குறைய 19 கிராம் மதுசாரம். சாராயத்துக்கு அது இளைத்ததல்ல. லண்டன் ஏழைகளை ஜின் சீரழித்ததால்தான் 1736இலும் 1751இலும் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

"ஜின்னோடு கலக்கும் டொனிக் தண்ணீரில் மலேரியா மருந்து குயினைன் இருக்கே" என்பார்கள். அமெரிக்க விதிப்படி ஒரு லீட்டரில் அதிகபட்சம் 83 மில்லிகிராம். மலேரியாவுக்குக் குயினைன் கொடுப்பதென்றால் வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 1800 மில்லிகிராம் வரை. 20 லீட்டருக்கு மேல் குடிக்கவேண்டும்! அதோடு, கசப்பாக இருந்தாலும் சாதாரண டொனிக் தண்ணீரில் இனிப்புச் சோடா வகைகளைப் போலவே சீனி இருக்கிறது.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் குளுசைகளோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் எந்த மதுவையும் தொடாதீர்கள். சீனி உடனே இறங்காவிட்டாலும் சில மணி நேரம் கழித்து, விடியப்புறம்கூட இறங்கலாம். மெட்போர்மின் (நீரிழிவுக்கு), வார்ஃபரின் (இரத்தம் உறையாமலிருக்க), மெட்ரோனிடசோல் (கிருமித் தொற்றுக்கு) எடுப்பவர்களும் முதலில் எங்களிடம் கேளுங்கள். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் போத்தலைத் திறக்கவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளே, அப்பாவின் குளுசைப் பையை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுப் பரிசு வாங்குங்கள், தயவுசெய்து.

நீரிழிவு உள்ளவர் குடித்துவிட்டுக் குழறினால் வெறி என்று படுக்கப் போடாதீர்கள். வெறிக்கும் சீனி இறங்குவதற்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, எங்களுக்கே குத்திப் பார்த்தால்தான் தெரியும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம். சரித்துப் படுக்கவைத்துவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.