அவைக் குறிப்பில் ஒரு வரி: மாசசூசெட்ஸ் செனட்டுக்கு மனு கொடுப்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மாலை, எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தின் உதவியோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில செனட்டுக்கு மனு கொடுத்திருந்த பெற்றோர் சிலர் கையில் ஒரு பெட்டி மைசூர்பாகுடன் வந்து நின்றார்கள். "மனுவுக்கு நம்பர் விழுந்துவிட்டது சார், செனட் ஏற்றுக்கொண்டுவிட்டது" என்றார் அவர்களுள் மூத்தவர். அவர் செல்பேசியில் காட்டியது அன்றைய அவைக் குறிப்பின் ஒரு வரியை. மசோதாவுடன் கூடிய மனு அளிக்கப்பட்டது, கல்விக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று அதில் இருந்தது. மனு வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை. இனிப்பை எடுத்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரம் அந்த ஒரு வரிக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் அதே உரையைப் பலருக்குச் சொல்லியாயிற்று என்பதால், இனி எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

குழப்பம் 'மனு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மனு என்றதும் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டமும் அங்கே நீளும் வரிசையும் நினைவுக்கு வரும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று, இருக்கிற சட்டத்தின்படி ஓர் அதிகாரி செய்யவேண்டியதை அங்கே கேட்கிறோம். மாசசூசெட்ஸ் செனட்டுக்குப் போகும் மனுவோ சட்டத்தையே கேட்கிறது. அதனோடு, எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை நீக்கி எதைச் சேர்க்கவேண்டும் என்று எழுதிய மசோதாவும் இணைந்திருக்க வேண்டும். குறையைச் சொன்னால் போதும், தீர்வை அவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்று நம்பி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சட்டத்தின் எந்த வரி உங்களைத் தடுக்கிறது?" என்பதைத்தான். பாதிப் பேருக்கு அதற்கு விடை தெரியாது. அது அவர்கள் குற்றமும் இல்லை.

இந்த உரிமை பழையது. 1641-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஏற்றுக்கொண்ட உரிமைத் தொகுப்பு, உள்ளூரார், அயலார், சுதந்திரர், அடிமைப்பட்டவர் என்ற வேறுபாடின்றி எவரும் பொது மன்றத்தில் பேச்சாலோ எழுத்தாலோ மனு அளிக்கலாம் என்றது. 1780-இன் மாநில அரசியலமைப்பில் உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, குறைகளைக் களையக் கோரிச் சட்டமன்றத்தை அணுகும் உரிமையை மக்களுக்கு உறுதி செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து 1783-இல், மெட்ஃபர்டில் ஐசக் ராயல் என்ற செல்வந்தரின் அடிமையாக உழைத்துத் தளர்ந்த பெலிண்டா என்ற மூதாட்டி, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தனக்கு ஓய்வூதியம் கோரி மனு கொடுத்தார். ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் என்று சட்டமன்றம் ஆணையிட்டது. ஆனால் பணம் தொடர்ந்து வரவில்லை; அவர் மீண்டும் மீண்டும் மனு கொடுக்க வேண்டியிருந்தது. ஆணை வாங்குவது ஒன்று, காசு கைக்கு வருவது வேறொன்று என்பதை என் கட்சிக்காரர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி நடைமுறை. செனட்டில் 40 பேர், பிரதிநிதிகள் அவையில் 160 பேர். இரண்டும் சேர்ந்த மன்றத்துக்கு 'ஜெனரல் கோர்ட்' என்று பெயர். நீதிமன்றத்துக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை என்றாலும், அந்தப் பெயரைப் பார்த்து மிரண்டு, "கோர்ட்டுக்கெல்லாம் போகவேண்டாம் சார்" என்று பின்வாங்கிய குடும்பம் ஒன்றை நான் அறிவேன். மனுவைக் குடிமக்கள் தாமே அவையில் வைக்க முடியாது. ஓர் உறுப்பினர் வழியாகத்தான் வைக்க வேண்டும். உறுப்பினருக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லாவிட்டாலும், 'கோரிக்கையின்பேரில்' என்ற குறிப்போடு அவர் அதை அளிக்கலாம். அந்தக் குறிப்பு உங்கள் மனுவின் மேல் இருந்தால், அவர் தபால்காரர் வேலையை மட்டுமே செய்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். பின்னால் அவர் உங்களுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் தொடங்கி ஈராண்டு நீடிக்கும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் பல ஆயிரம் மனுக்கள் வருகின்றன. தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் முதல் ஆண்டு ஜனவரியின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. முதலில் கிடைப்பது பதிவு எண். குழுவுக்கு அனுப்பப்பட்டபின் கிடைப்பது மசோதா எண். கெடு தாண்டி வரும் மனுவுக்கு இரு அவைகளும் ஐந்தில் நான்கு பங்குப் பெரும்பான்மையோடு விதியைத் தளர்த்த வேண்டும். நகரங்களும் ஊர்களும் தங்கள் மன்றத்தில் நிறைவேற்றி அனுப்பும் தன்னாட்சி மனுக்களுக்கு இந்தக் கெடு தடையில்லை.

அந்தத் தன்னாட்சி மனுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவைக் குறிப்பின் பெரும்பகுதியை நிரப்புவது அவைதாம். 1966-இல் சேர்க்கப்பட்ட 89-ஆம் திருத்தத்தின்படி, ஓர் ஊருக்கு மட்டும் பொருந்தும் தனிச்சட்டம் வேண்டுமானால், அந்த ஊரே அதைத் தன் மன்றத்தில் ஏற்று மனுவாக அனுப்ப வேண்டும். ஓர் உணவகத்துக்குக் கூடுதல் மது உரிமம், வயது வரம்பைக் கடந்த ஒருவரைக் காவல் பணியில் சேர்க்க விலக்கு என்று சிறு காரியங்கள்கூட இந்த வழியில்தான் மாநிலத் தலைநகர் பாஸ்டனுக்கு ஏறி வருகின்றன. ஊருக்குள்ளேயே முடியவேண்டிய இவற்றுக்கெல்லாம் மாநிலத்தின் தலைவாசலைத் தட்டவேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாஸ்டன் மாநகரமே தன் உணவகங்களுக்கு உரிமம் கூட்ட இப்படித்தான் கேட்டது. 2024-இல் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தில் 225 புதிய உரிமங்கள் கிடைத்தன. அதே மாநகரம் 2023-இல் அனுப்பிய வாடகைக் கட்டுப்பாட்டு மனு சட்டமாகவில்லை.

இதில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளநிலை வழக்கறிஞராக இருந்த காலத்தில், ஒரு சிற்றூரின் டவுன் மீட்டிங்கில், அதாவது ஊரார் கூடி வாக்களிக்கும் ஊர் மன்றத்தில், வைப்பதற்கான தீர்மானத்தை நான்தான் எழுதினேன். இத்தகைய தீர்மானங்களில், எழுத்துப் பிழையும் வடிவமும் சார்ந்த மாற்றங்களை மட்டும் சட்டமன்றம் செய்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். நான் அதை விட்டுவிட்டேன். ஊரார் மே மாதத்தில் கைதூக்கி நிறைவேற்றினார்கள். மனு குழுவுக்குப் போனபின், மேற்கோள் காட்டியிருந்த பிரிவின் எண் ஒன்று தவறு என்று தெரியவந்தது. ஓர் எண்ணைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊரார் ஏற்ற வாசகத்தில் கைவைக்க எவருக்கும் அதிகாரம் தரப்படவில்லை. இலையுதிர்காலத்துச் சிறப்புக் கூட்டம் வரும்வரை காத்திருந்து, அதே மண்டபத்தில் அதே மக்களிடம் அதே தீர்மானத்தை மறுபடி வைத்தோம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "போன முறை என்ன, சரியாகக் கைதூக்கவில்லையா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை.

செனட்டின் அன்றாடத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. பீக்கன் ஹில்லில் 1798-இல் கட்டி முடித்த ஸ்டேட் ஹவுஸ் என்ற சட்டமன்றக் கட்டடத்தின் பொற்குவிமாடத்துக்கு நேர்கீழே இருக்கிறது செனட் அவை. பெரிய விவாதமும் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பும் நடப்பது முறைசார் அமர்வு நாள்களில். மற்ற நாள்களில், பெரும்பாலும் திங்களும் வியாழனும் காலை பதினொரு மணிக்கு, முறைசாரா அமர்வு. சுத்தியல் ஒலிக்கிறது. நாற்பது இருக்கைகளில் மூன்று நான்கில் மட்டுமே ஆள் இருக்கிறது. தாள் தாளாக எடுத்து நீட்டப்படுகிறது. மனு அளிக்கப்பட்டது, உள்ளூர் ஒப்புதல் பெறப்பட்டது, நகராட்சிகள் குழுவுக்கு அனுப்பப்பட்டது, ஒப்புதலுக்காகப் பிரதிநிதிகள் அவைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரே தாளத்தில் போகிறது. ஒரு மசோதா இரண்டாம் முறை வாசிக்கப்பட்டு, மூன்றாம் முறை வாசிக்கப்பட்டு, நிறைவேறிவிட்டது என்று அறிவிக்கப்படும்போது நீங்கள் கண்ணை இமைத்திருந்தால் தவறவிட்டிருப்பீர்கள். வாசிப்பு என்றாலும் மசோதா முழுவதையும் அங்கே எவரும் வாசிப்பதில்லை. பிறகு, அடுத்து கூடும் நாளும் நேரமும் சொல்லப்பட்டு அவை கலைகிறது.

இது கூத்து என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முறைசாரா அமர்வில் ஓர் உறுப்பினர் மறுப்புச் சொன்னாலே மசோதா அன்று நகராது. அவை நடக்கக் குறைந்தது வேண்டிய 21 பேர் இல்லை என்று ஒருவர் எழுந்து சொன்னால் அவையே கலைய வேண்டியதுதான். ஆகவே அங்கே நிறைவேறுவது, எதிர்ப்பவர் எவரும் இல்லை என்று முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டது. அந்த உறுதி எங்கே, எப்படிப் பெறப்பட்டது என்பது அவைக் குறிப்பில் இராது என்பதுதான் என் குறை.

மனுவின் உயிர் இருப்பது குழுவில். கூட்டுக்குழுக்களில் செனட்டரும் பிரதிநிதிகளும் சேர்ந்தே அமர்கிறார்கள். மனுக்களுக்குப் பொது விசாரணை உண்டு. அங்கே பேச வருபவரிடம் எவரும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. பேசுபவருக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். பதவியில் இருப்பவர்கள் முதலில் பேசிவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போகும்படி சொல்லியனுப்புவேன். கிடைத்த மூன்று நிமிடத்தில் உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லியே ஒரு நிமிடத்தைக் கரைப்பவர்களே அதிகம். உங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, எந்த வரி மாறவேண்டும் என்று கேட்டு முடிப்பது போதும். மீதியை எழுத்தில் கொடுங்கள்.

விசாரணைக்குப் பின் குழு 'நிறைவேற்றத்தக்கது' என்றோ 'நிறைவேற்றத்தகாதது' என்றோ அறிக்கை தரலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: 'மேல் ஆய்வுக்கு'. அந்தச் சொல்லைக் கண்டு மகிழ்ந்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் பலர். பெரும்பாலும் ஆய்வு எதுவும் நடக்காது. மரியாதையாகக் கதவைச் சாத்தும் முறை அது. அவைக் குறிப்பில் உங்கள் மசோதா எண் அந்தச் சொல்லோடு வந்தால், அந்தக் கூட்டத்தொடரில் அது ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1690-களில் மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர், 1957-இலும் 2001-இலும் வந்த குற்றநீக்கச் சட்டங்களில் விடுபட்டுப்போயிருந்தது. வடக்கு ஆண்டோவர் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியருடன் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டார்கள். அப்போதைய செனட்டர் டயானா டிசோக்லியோ அவர்களுக்காக மசோதாவைத் தாக்கல் செய்தார். தனி மசோதாவாக அது கரையேறவில்லை. 2022-இல் மாநில பட்ஜெட்டோடு சேர்த்து நிறைவேற்றப்பட்டு, அந்தப் பெண்ணின் பெயர் 329 ஆண்டுகளுக்குப் பிறகு துலக்கப்பட்டது. மசோதா நின்றுபோனால், அதே வாசகத்தை ஏற்றிச்செல்ல ஓடிக்கொண்டிருக்கும் வேறு வண்டி உண்டா என்று உங்கள் செனட்டர் அலுவலகத்தைக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அதைச் சொல்ல எவருக்கும் நேரமிருக்காது.

நாள்காட்டியில் இன்னொரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை ஆண்டின் ஜூலை 31-க்குள் முறைசார் அமர்வுகள் முடியவேண்டும் என்பது விதி. 2025-இல் ஒப்புக்கொண்ட புதிய கூட்டு விதிகள் இதில் சில விலக்குகளைச் சேர்த்திருக்கின்றன. அந்த விலக்குகள் தவிர, ஜூலை 31-க்குப் பின் மிஞ்சுவது, ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும் முறைசாரா அமர்வுகள்தாம். ஜனவரியில் புதிய மன்றம் கூடும்போது நிலுவையில் இருந்தவை எல்லாம் காலாவதியாகி, மறுபடி முதல் மனுவிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த மூன்று நான்கு பேர் இருக்கும் அவை ஒருவருக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் ஒரு நோய் விடுப்பு மனுவில்தான் கண்டேன். மாநில அரசு ஊழியர் ஒருவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் விடுப்பு முழுவதையும் தீர்த்துவிட்டார். உடன் பணிபுரிபவர்கள் தங்கள் விடுப்பு நாள்களைத் தர முன்வந்தார்கள். ஆனால் அவருக்கென்று விடுப்புச் சேமிப்பு ஏற்படுத்த, அவர் பெயரிலேயே தனிச்சட்டம் வேண்டியிருந்தது. "என் பேர் இல்லாமல் முடியாதா?" என்று அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி கேட்டார். முடியாது, பெயரும் துறையும் சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கும். இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். உடனே நடைமுறைக்கு வரவேண்டும் என்பதால் அவசர முகவுரை சேர்த்திருந்தோம். அதற்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அன்று தலைமை வகித்தவரைச் சேர்த்து அவையில் இருந்தவர்கள் மூவர். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள், நின்றார்கள். மூன்றுக்குப் பூஜ்யம் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். பிறகு அவை, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மீண்டும் கூடுவதாகக் கலைந்தது.