ஒரு தலைப்பு மட்டும் ஏன் மாற மறுக்கிறது?

வேர்டில் நூறு பக்க ஆவணம். தலைப்புகள் எல்லாம் 'ஹெடிங் 1' ஸ்டைலில், அதாவது அந்தப் பெயரில் சேமித்துவைத்த தோற்ற அமைப்பில், இருக்கின்றன. அந்த ஸ்டைலின் எழுத்தளவை 16 ஆக்குகிறோம். எல்லாம் மாறிவிடுகின்றன, நாற்பதாம் பக்கத்தில் ஒன்று மட்டும் 14-லேயே நிற்கிறது. அதன்மேல் கர்சரை வைத்துப் பார்த்தால் அதுவும் 'ஹெடிங் 1' என்றுதான் காட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று பலரும் முடிவுகட்டுவது இங்கேதான். கோப்பில் ஒரு கோளாறும் இல்லை.

திரையில் தெரியும் எழுத்தின் தோற்றம் பல அடுக்குகள் சேர்ந்து உருவாவது. அடியில் ஆவணம் முழுமைக்குமான அமைப்பு, அதன்மேல் பத்தி ஸ்டைல், அதற்கும் மேல் எழுத்து ஸ்டைல். உச்சியில், நாம் கையால் போட்ட அளவும் நிறமும் போல்டும். மேலடுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் கீழே உள்ளதன் பேச்சு எடுபடாது. மேலே எதுவும் சொல்லாத விஷயத்தில்தான் கீழே உள்ளது செல்லும். நாற்பதாம் பக்கத் தலைப்பில் என்றோ யாரோ கையால் 14 போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால், ஸ்டைல்களுக்கு ஒரு கோப்பும் உரைக்கு ஒரு கோப்பும் தனித்தனியாக இருக்கும். அளவு அரைப் பாயிண்ட் கணக்கில், அதாவது இரண்டு மடங்காக, எழுதப்படுவதால், ஸ்டைல் கோப்பில் 32 என்றும், உரைக் கோப்பில் அந்த ஒரு தலைப்பின் அருகே மட்டும் 28 என்றும் இருக்கும். அந்த 28-தான் நம்மைப் படுத்தியது.

அதை நீக்குவது எளிது. வேர்டில் தலைப்பைத் தேர்ந்து கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் எழுத்துகளின் மேல் போட்டது கழன்றுவிடும். கன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால், இடைவெளி, உள்தள்ளல் என்று பத்திக்குக் கையால் செய்தது போய்விடும். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் கன்ட்ரோலும் எம்மும். ஆனால் எடுத்த எடுப்பில் அழிக்க வேண்டாம் என்பேன். வேண்டுமென்றே சாய்வாக்கிய சொல்லும் சேர்ந்து நிமிர்ந்துவிடும். வேர்டில் ஷிஃப்டும் எஃப்1-உம் அழுத்தினால் பக்கத்தில் ஒரு பலகம் திறக்கும். எந்த அமைப்பு ஸ்டைலிலிருந்து வந்தது, எது கையால் போட்டது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் வசதி அதன் அடியில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

வேர்டில் சில சமயம் அடுக்குகள் ஒன்றையொன்று ரத்தும் செய்யும். மேற்கோள் பத்தியின் ஸ்டைல் சாய்வு என்று வையுங்கள். அதில் ஒரு சொல்லுக்குச் சாய்வான எழுத்து ஸ்டைல் ஒன்றைக் கொடுத்தால் அந்தச் சொல் நிமிர்ந்து நிற்கும். பிழை போலத் தெரியும், ஆனால் தெரிந்தே செய்த ஏற்பாடு. சாய்ந்த வரிகளுக்கு நடுவே ஒரு சொல் தனித்துத் தெரிய நிமிர்த்துவதைத் தவிர வேறு வழி ஏது? அச்சுக்கோப்பவர்கள் வெகுகாலமாகச் செய்துவந்ததும் இதுதான்.

அப்புறம், தமிழில் தட்டுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று. ஸ்டைலில் ஃபான்ட்டையும் அளவையும் மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறும், தமிழ் அப்படியே இருக்கும். காரணம், ஒரே ஸ்டைலுக்குள் லத்தீன் எழுத்துக்கு ஓர் இடமும், தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு இன்னோர் இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபான்ட் மட்டுமல்ல, அளவும் போல்டும்கூட இரண்டு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதைத் தொடாது. வேர்டின் ஃபான்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியிலும், லிப்ரே ஆபிஸில் 'சிடிஎல்' அல்லது 'காம்ப்ளெக்ஸ்' என்ற பகுதியிலும் தமிழுக்கானதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே கண்ணில் படவில்லையா? மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள்.